ஐஸ் ஹொக்கிக்கு நான் ராசியான கதை

போன வியாழக்கிழமை பின்னேரம் மூன்றே பத்துக்கு என் வீட்டு மணி அடித்தது. நான் திறக்கவில்லை.

வீட்டில் இருந்துகொண்டேதான் திறக்கவில்லை. மூச்சுச் சத்தம்கூட வெளியே கேட்டுவிடுமோ என்று, படுக்கை அறைக் கட்டிலில் அசையாமல் இருந்தேன். எழுபத்து நாலு வயதில் ஒளித்து விளையாடுகிற விளையாட்டு!

கவுன்சில்காரரா? இல்லை. வேதம் சொல்ல வருகிற ஆட்களா? அவர்களும் இல்லை. இந்த லண்டனில் என் மணியை அடிக்கிற ஒரே மனிசி — எதிர் பிளாட் யானா.

ஏன் திறக்கவில்லை என்று சொல்வதானால் நவம்பர் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்கு இருந்தால் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் ஹாமில் மூன்றாம் மாடியில் தனியே இருக்கிறேன் என்பது இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கீழே இறங்கினால் தோசைக் கடை, நகைக் கடை, சேலைக் கடை — எல்லாம் எங்கள் சனம். மேலே ஏறி வந்து கதவைப் பூட்டினால் ஒருவரும் இல்லை. மகன் மில்ரன் கீன்ஸ் என்கிற ஊரில். ஞாயிற்றுக்கு ஞாயிறு போன் எடுப்பான். சாப்பிட்டாச்சா, மருந்து போட்டாச்சா என்று கேட்பான். இரண்டுக்கும் ஓம் சொன்னால் போன் முடிந்துவிடும். குறை சொல்லவில்லை. அவனுக்கு அவன் பாடு.

நவம்பரில் ஒரு நாள் வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் நின்றுவிட்டது. திருத்துகிற ஆள் பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் வருவாராம். உள்ளே இருந்தாலும் குளிர், வெளியே நின்றாலும் குளிர். வெளியே நின்றால் ஆளாவது கண்ணில் படும் என்று, கோட்டும் கையுறையுமாய்ப் படிக்கட்டு வாசலில் நின்றேன்.

அப்போதுதான் யானா சாமான் பைகளோடு ஏறி வந்தாள். செக் நாட்டுக்காரி. அறுபது வயது இருக்கும். பஸ் ஓட்டுகிறாள். ஆறு வருஷமாய் எதிர் எதிரே இருக்கிறோம்... பேசியது இரண்டே வார்த்தை. ஹலோ. குளிர்.

உள்ளே வரச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். நாங்கள் முதல் தடவை கேட்டவுடன் போகிற ஆட்களா? இரண்டாம் தடவை கேட்பாள் என்று பார்த்தேன். அவள் கேட்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போய்விட்டாள். பஸ் ஓட்டுகிற கை. திமிற ஏலாது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுடைய இங்கிலீசும் உடைந்தது, என்னுடையதும் உடைந்தது. இரண்டையும் ஒட்டித்தான் பேசிக்கொள்கிறோம். அதை அப்படியே எழுத ஐந்தாம் வகுப்போடு நின்றவளால் முடியாது. அவள் சொன்னது என் காதில் எப்படி விழுந்ததோ அப்படி, எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். செக் நாட்டுக்காரி என்ன யாழ்ப்பாணத்தாள் மாதிரிப் பேசுகிறாள் என்று சிரிக்காதீர்கள்.

ரீவியில் ஒரு பனித் தரை. அதன் மேல் தலையணை கட்டினது போல உடுத்திய ஆம்பிளைகள், கத்தி பூட்டிய சப்பாத்தோடு, ஆளுக்கு ஒரு வளைந்த தடியோடு எதையோ துரத்திக்கொண்டு திரிந்தார்கள். கருகிப்போன வடை அளவில் ஒரு கறுப்புச் சாமான். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. ஐஸ் ஹொக்கியாம். (கனடா வாசகர்கள் சிரிப்பது கேட்கிறது. உங்கள் பிள்ளைகள் தொட்டிலிலிருந்து நேரே அதற்குத்தானே போகிறார்கள்.)

செக் நாடும் பின்லாந்தும் ஆடின. செக் நாடு இரண்டு கோல் பின்னுக்கு. யானாவின் முகம் சுருங்கிக் கிடந்தது. நான் சோபாவின் இடது மூலையில், கோட்டைக் கழற்றாமல், ஒரு ஓரமாய் இருந்தேன்.

நான் இருந்து அரை மணித்தியாலத்தில் செக் நாடு மூன்று கோல் போட்டது.

மூன்றாவது விழுந்தபோது யானா ரீவியைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மிசிஸ் பூமணி, ரெண்டு நாள் கழிச்சும் மட்ச் இருக்கு. நீங்கள் வரோணும். இதே இடம். இதே கார்டிகன்."

அப்படித்தான் நான் செக் நாட்டுக்கு ராசியான ஆளானேன்.

அந்த விளையாட்டுக்கு ஒரு காலக் கணக்கு இருக்கிறது. நவம்பரில் ஒரு போட்டி, டிசம்பரில் நத்தாருக்கு முன்னால் ஒன்று, பெப்ரவரியில் ஒன்று. பின்லாந்து, சுவீடன், செக், சுவிஸ் — இந்த நாலு நாடுகளும் திரும்பத் திரும்பக் கூடி அடிபடும். பிறகு மே மாதம் பதினாறு நாடுகளோடு பெரிய போட்டி. எங்கள் கோயில் கணக்கில் சொன்னால் முதலில் நடப்பதெல்லாம் சின்னத் திருவிழா. மே மாதம்தான் தேர்.

முருகன் கலண்டரில் மட்ச் நாட்களுக்கெல்லாம் வட்டம் போட்டேன். முந்தி அந்தக் கலண்டரில் ஆஸ்பத்திரி நாளுக்கு மட்டும்தான் வட்டம் இருக்கும்.

யானாவுக்கு விதிகள் உண்டு. செக் நாடு வென்றுகொண்டிருந்தால் அவள் மட்ச் பார்க்கிற சட்டையைத் தோய்க்க மாட்டாள். மட்ச் நடக்கும்போது யன்னலைத் திறக்கக் கூடாது. நான் இடது மூலையிலிருந்து எழும்பக் கூடாது. ஒருமுறை இடையில் கழிப்பறைக்குப் போய் வந்தேன். அதற்குள் சுவீடன் கோல் போட்டுவிட்டது. அடுத்த மட்சுக்கு எனக்குத் தேத்தண்ணி அரைக் கோப்பைதான் வந்தது.

விளையாட்டும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. வடையைத் தேடக் கூடாது, ஆட்கள் பார்க்கிற பக்கத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு ஆகப் பிடித்தது அந்தக் கண்ணாடிப் பெட்டி. ஒருவன் பிழை விட்டால் அவனை அதற்குள் தனியே இருத்திவிடுவார்கள். உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்ப்பான். விளையாட ஏலாது. இரண்டு நிமிஷத்தில் கதவைத் திறந்து விடுவார்கள். என்ன பாய்ச்சல் பாய்ந்து வருவான், பார்க்க வேண்டும்! இரண்டே நிமிஷம்தான்... எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அந்தக் கொடிகள்.

கனடாவில் என் தங்கச்சி. சுவிஸில் தம்பி. நோர்வேயில் பெரியம்மாவின் மகன். ஜெர்மனியில் என் புருஷனின் அக்கா குடும்பம். டென்மார்க்கில் ஒரு மச்சாள், பிரான்சில் இரண்டு பேர். பதினாறு நாட்டில் பாதிக்குக் கிட்ட எனக்குச் சொந்தம் இருக்கிறது. ஒவ்வொரு கொடி ஏறும்போதும் ஒரு முகம் வரும். செக் நாட்டில் எனக்கு ஒருவருமே இல்லை. அந்த நாட்டுக்குத்தான் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய? சொந்தக்காரர் ஒருவரும் என்னை மட்ச் பார்க்கக் கூப்பிடவில்லையே.

மகனிடம் சொன்னேன். "அம்மா, உங்களுக்கேன் இந்த வயசிலை ஐஸ் ஹொக்கி?" என்றான். மருந்தைக் கேட்க மறந்துவிட்டான். அதுவும் ஒரு லாபம்.

சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் புருஷன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். அதற்குப் பிறகு நான் எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் போய் நின்றதில்லை. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எதிரே யார் முகம் வருகிறது என்று பார்ப்பதை நாங்கள் முழிவியளம் என்போம். என் முகம் அதற்கு ஆகாத முகம். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல விட்டதும் இல்லை. சொல்வதற்கு முன்னால் நானே விலகிவிடுவேன். என் மரியாதை என் கையில்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வெம்பிளியில் இருக்கிற இன்னொரு மச்சாளின் மகளுக்குக் கலியாணம். மணப்பொம்பிளை தன் அறையிலிருந்து மணவறைக்கு வெளிக்கிடுகிற நேரம். நான் தற்செயலாய் அந்தக் கதவுக்கு நேரே நின்றுவிட்டேன். மச்சாள் என்னைக் கண்டாள். நான் சிரித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன். அப்போது அவள் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது, பாருங்கள்... அதை நான் மறக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு முதல் பல்லு முளைத்தபோது கொழுக்கட்டை அவித்தவள் நான்.

அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒருத்தி, நீ இருந்தால்தான் வெல்லும் என்கிறாள். இடம் ஒதுக்கி வைக்கிறாள். வராவிட்டால் மணி அடிக்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

யானாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தன்னிடம் இருக்கிற ராசியான ஆள் எங்கள் சனத்துக்கு ராசி இல்லாதவள் என்று தெரிந்தால், அந்த இடது மூலை போய்விடும். அதுதான் பயம். வேறு எந்தப் பயமும் இல்லை.

பெப்ரவரியில் செக் நாடு தோற்றது. நான் இருக்கும்போதே, அதே மூலையில், அதே கார்டிகனில் — நாலு கோலில் தோற்றது. யானா நடுவரைத் தன் பாஷையில் திட்டினாள். என்ன சொன்னாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அவள் நடுவரைத் திட்டினாள். நான் என்னைத் திட்டினேன். சாயம் வெளுத்துவிட்டது, இனி இவள் கூப்பிட மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த மட்சுக்கும் கூப்பிட்டாள். ஆனால் எனக்குள் அது போய் இருந்துவிட்டது. அதன் பிறகு எதிர்ப்பக்கம் போட்ட ஒவ்வொரு கோலும் நான் போட்ட கோல்.

மே மாதம் வந்தது. முதல் சுற்றில் பெரும்பாலும் வென்றார்கள். இனிமேல் ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்கிற கட்டம். வியாழக்கிழமை மூன்றே இருபதுக்கு மட்ச், சுவிஸோடு.

புதன்கிழமை யானா வந்தாள். கையில் ஒரு பழைய கழுத்துத் துணி. சிவப்பு, வெள்ளை, நீலம். அவளுக்கு ஊரில் ஒரு அண்ணன் இருந்தான். அவன் அங்கே, இவள் இங்கே, போனைக் காதில் வைத்துக்கொண்டே எல்லா மட்சும் ஒன்றாய்ப் பார்ப்பார்களாம். போன கோடையில் அவன் இறந்துபோனான். அது அவனுடைய துணி.

"நாளைக்கு நீங்கள் இதைப் போட்டுக்கொண்டு இருக்கோணும்."

வாங்கிக்கொண்டேன். கதவைப் பூட்டின பிறகு அதை எட்டப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். செத்தவனின் துணி. அதைப் போட்டுக்கொண்டு, புருஷனைப் பறிகொடுத்தவள் ஒருத்தி, ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால் போய் இருப்பதா? எங்களில் யாரும் செய்வார்களா? அந்த மனிசி அண்ணனை நினைத்துக்கொண்டு பார்க்கிற மட்ச். அதையும் நான் கெடுக்க வேண்டுமா?

மச்சாள் வீட்டுக் கலியாணத்தில் செய்ததையே செய்வது என்று முடிவெடுத்தேன். யாரும் சொல்வதற்கு முன்னால் விலகிவிடுவது.

ஆகவேதான் வியாழக்கிழமை கதவைத் திறக்கவில்லை.

மணி இரண்டு தரம் அடித்தது. பிறகு போன் அடித்தது. எடுக்கவில்லை. கடைக்குப் போயிருப்பாள் என்று நினைக்கட்டும். எதிர் வீட்டிலிருந்து ரீவிச் சத்தம் வந்தது. முதல் இடைவேளையில் மறுபடி மணி. இரண்டாவது இடைவேளையில் மணியும் இல்லை, கையால் தட்டல். நான் கழுத்துத் துணியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இந்த முறையாவது வெல்லட்டும் என்று முருகனைக் கும்பிட்டேன். முருகனுக்கு ஐஸ் ஹொக்கி தெரியுமோ தெரியாது.

மூன்றாவது பகுதி, கடைசிப் பகுதி, தொடங்கிய சத்தம் கேட்டது. மட்சிலேயே முக்கியமான நேரம். யானா இனி அசைய மாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் அசைந்தாள். என் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. யாரோடோ போனில் பேசினாள். என் சிநேகிதி, எழுபத்து நாலு வயது, தனியே இருக்கிறவள், கதவு திறக்கவில்லை, வெளியே போகவும் இல்லை — சாமான் வாங்கப் போகிற இழுவைப் பை வாசலிலேயே நிற்கிறது, அது இல்லாமல் அவள் வெளியே போக மாட்டாள்... கெதியாய் வாருங்கள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறாள்!

ஓடிப்போய்த் திறந்தேன். ஓடினேன் என்றால் என் முழங்கால் அளவுக்கு.

யானாவின் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். போனில் மன்னிப்புக் கேட்டு வைத்தாள். பிறகு படிக்கட்டில் அப்படியே குந்திவிட்டாள்.

"என்ர அண்ணனும் இப்பிடித்தான் போன் எடுக்கேல்லை. கடைக்குப் போயிட்டான் எண்டு நான் நினைச்சன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் கதவை உடைச்சவை."

ராசியைக் காப்பாற்றப் போய் அவளுக்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? பொய் சொல்லலாம் — குளித்துக்கொண்டிருந்தேன், காது கேட்கவில்லை என்று. சொல்லத் தோன்றவில்லை. பக்கத்துப் படியில் இருந்துகொண்டு, தெரிந்த இங்கிலீசையெல்லாம் கூட்டி அள்ளி உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் புருஷன் செத்த பொம்பிளை நல்லதுக்கு முன்னால் நிற்கக் கூடாது. கலியாணத்தில் நான் பின்னுக்கு. நான் ராசி இல்லை. பெப்ரவரியில் தோற்றது என்னால். இன்றைக்கும் தோற்கக் கூடாது என்று ஒளித்தேன்.

யானா வீட்டுத் திறந்த கதவால் ரீவிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"என்ர புருஷன் சாகேல்லை, மிசிஸ் பூமணி. பல்லு டொக்டர் ஒருத்தியோட ஓடினவன். என்னை உங்கட ஆக்கள் எந்த வரிசையிலை இருத்துவினம்?"

நான் யோசித்துப் பார்த்தேன். முன்வரிசையாகத்தான் இருக்கும். புருஷன் உயிரோடு இருக்கிறானே!

அதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். படிக்கட்டில் இரண்டு கிழவிகள் சிரிக்கிற சத்தம் கேட்டு மேல் மாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. சுவிஸ்காரர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். செக் பிள்ளைகள் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். ஒரே ஒரு கோல் வித்தியாசம். என் தம்பி இருக்கிற நாடு வென்றுவிட்டது.

நான் இருந்தாலும் தோற்கிறார்கள், இல்லாவிட்டாலும் தோற்கிறார்கள். அப்போ என் முகத்தில் ஒன்றுமே இல்லையா? பன்னிரண்டு வருஷமாய் எதைத் தூக்கிக்கொண்டு தூணுக்குத் தூண் நடந்தேன்? ஆறுதலாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

எழும்பி வர வெளிக்கிட்டேன். இனி எனக்கு அங்கே என்ன வேலை? யானா சோபாவின் இடது மூலையைக் கையால் தட்டினாள்.

"வெல்லேக்கை ஆரும் வருவினம். தோக்கேக்கை பக்கத்திலை இருக்கத்தான் ஒரு ஆள் வேணும்."

இருந்தேன். அண்ணனின் துணியை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் ரீவியைப் பார்த்தேன். தேத்தண்ணி முழுக் கோப்பை வந்தது.

ராசி பார்க்காத சனம் உலகத்தில் இல்லை என்று இந்தக் குளிர்காலத்தில் தெரிந்துகொண்டேன். யானாவும்தான் பார்க்கிறாள், தோய்க்காத சட்டையோடு. ஆனால் அவள் ராசி பார்த்து ஆளை உள்ளே கூப்பிடுகிறாள். நாங்கள் ராசி பார்த்து ஆளை வெளியே விடுகிறோம். மச்சாள் இதை வாசிப்பாள் என்று தெரியும். வாசிக்கட்டும்.

இனி நவம்பர் வரை மட்ச் இல்லை. கலண்டரில் ஆறு மாதத்துக்கு வட்டம் இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் மணி அடிக்கவில்லை. அடிக்க அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது? வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் மட்டும்தான். பழகின சத்தம்தான், ஆனால் இந்த முறை பெரிதாய்க் கேட்டது.

இன்று ஞாயிறு. மகனுக்கு இரண்டு ஓமும் சொல்லி முடித்த பிறகு, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஆறு அடி நடந்து போய் யானாவின் கதவைத் தட்டினேன். ஒருவரும் கூப்பிடாமல் நான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது இந்த நாட்டில் இதுதான் முதல் தடவை.

கதவு திறக்கவில்லை.

திறக்காத கதவுக்கு முன்னால் நின்றால் மானம் போய்விடும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நின்று பார்த்தேன். ஒன்றும் போகவில்லை. முழங்கால் மட்டும் கொஞ்சம் நொந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பகல் ஷிப்ட், பின்னேரம் ஆறு மணிக்கு வருவாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இப்போது ஐந்தே ஐம்பது. இந்த வாரம் இவ்வளவுதான் — எனக்கு ஒரு இடத்துக்குப் போக வேண்டும்.